கற்பிக்கத் தகுந்தவன் யார்?

ஒரு தொழிலை நன்றாக அறிந்தவன் அதைப் பிறருக்குக் கற்பிக்கவும் தகுந்தவனே என்பது பொதுவாக நிலவும் எண்ணம். நீந்தத் தெரிந்தவன் நீச்சல் கற்பிக்கலாம். பாடத் தெரிந்தவன் பாட்டுக் கற்பிக்கலாம். துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவன் ஓடம் விடக் கற்பிக்கலாம். இதற்கு மேல் ஒரு பரீட்சை எதற்கு, ஒரு நற்சாட்சிப் பத்திரம் எதற்கு என்று கேட்போர் பலர். கேள்வி எளியதாகத் தோன்றினும் அதனுள் அடங்கியிருப்பது சிறிய விஷயமன்று. பிறர் உயிரைத் தன் கையில் வாங்கிக்கொள்ள ஒருவனுக்கு எப்பொழுது உரிமை உண்டாகிறது என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

இதனை எழுத நம்மைத் தூண்டியது ஓர் அன்பரின் கடிதம். அவர் நம் ஊரினின்றும் சென்று கானடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியிருப்பவர். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. ஏரிகளில் கனோ என்னும் ஓடம் விடுவதில் அவன் கைதேர்ந்தவன். கோடை விடுமுறையில் சிறுவர் முகாமொன்றில் ஓடப் பயிற்சியாளனாகச் சேர விரும்பி, அதற்கென நடைபெறும் ஆசிரியப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். வகுப்பு முடிந்த அன்று பரீட்சகராக இருந்த அம்மையார் அவனைத் தனியே அழைத்து, "உன் துடுப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் கற்பிக்கும் தகுதிக்கு இப்பொழுது நான் கையெழுத்திட இயலாது. அடுத்த கோடையில் மீண்டும் வா" என்று கூறிவிட்டாராம். தந்தையார் மனம் கொதித்துப்போனார். "என் பிள்ளைக்கு நேர்ந்தது அநீதியல்லவா? உங்கள் பத்திரிகையில் இதைப்பற்றி நீங்கள் எழுதவேண்டும்" என்று கேட்கிறார்.

எழுதுகிறோம். ஆனால் அன்பர் எதிர்பார்ப்பதையே எழுதுவோம் என்று உறுதிகூற நம்மால் ஆகவில்லை.

அவர் கட்சியை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். அவர் கூறும் நியாயங்கள் மூன்று. முதலாவது, அவர் மகன் தொழிலை நன்கு அறிந்தவன். பரீட்சகரே அதனை ஒப்புக்கொண்டார். இரண்டாவது, மூன்று கோடைகளாகத் தன் சிற்றப்பன் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துச் சென்று ஓடம் விடப் பழக்கியிருக்கிறான்; ஒரு சிறு விபத்தேனும் நேர்ந்ததில்லை. மூன்றாவது, அவன் பணத்திற்காக இதனை நாடவில்லை. சிறுவர்மீது கொண்ட அன்பினாலேயே நாடினான். இம்மூன்றும் வலிமையான நியாயங்கள் என்பதில் ஐயமில்லை.

இவற்றை ஆராயுமுன், அவ்வோடத்தையும் அவ்வேரியையும் சிறிது அறிந்துகொள்வது அவசியம். கனோ என்பது இருமுனையும் கூர்மையாய், மேல்மூடி இல்லாததாய், நீண்டு இலேசாக இருக்கும் ஓடம். வட அமெரிக்காவின் பூர்வீகக் குடிகள் மரச்சட்டங்களின்மீது பூர்ச்ச மரத்துப் பட்டையைப் போர்த்தி, மரவேர்களால் தைத்து, தையலின்மேல் பிசின் பூசி அதனைச் செய்தார்கள். இன்று செயற்கைப் பொருள்களால் செய்கிறார்கள். எனினும் வடிவம் பெரும்பாலும் அதுவே. அதில் முழந்தாளிட்டு அமர்ந்து, ஒற்றை அலகுள்ள துடுப்பால் ஒரு பக்கத்திலேயே வலிப்பது வழக்கம். ஒரு பக்கம் வலித்தால் ஓடம் மறுபக்கம் திரும்பிவிடும். ஆதலால், பின்புறம் இருப்பவர் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பைத் திருகி வெளிப்புறமாகச் சிறிது தள்ளுவார். அவ்வீச்சு ஆங்கில எழுத்தாகிய ஜேயைப்போல வளைவதால் அதனை ஜே வீச்சு என்பர். இது கைவந்தால் ஓடம் அம்புபோல் நேரே செல்லும். கைவராவிட்டால் நீரில் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்.

ஏரி, ஆற்றைப்போல் ஓடுவதில்லை, கடலைப்போல் குமுறுவதில்லை. ஆகவே அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று புதியவன் எண்ணுவான். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று மிகவும் வஞ்சகமானது. கரையோரத்து மரங்கள் அதனை மறைப்பதால் அங்கே நீர் கண்ணாடிபோல் இருக்கும். சிறுவர் மகிழ்ச்சியோடு புறப்படுவர். சிறிது தூரம் சென்றபின் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அதுவும் அவர்களுக்கு இன்பமாகவே இருக்கும். திரும்பவேண்டும் என்று நினைக்கும்பொழுதுதான் அக்காற்றை முகத்தில் உணர்வார்கள். அப்பொழுது கரை தொலைவில் இருக்கும். காற்று திறந்த நீரின்மேல் எவ்வளவு தூரம் ஓடிவருகிறதோ அவ்வளவுக்கு அலையும் உயரும்.

அன்றியும், வடநாட்டு ஏரிகளின் நீர் வெயில் காலத் தொடக்கத்திலும் பனிக்கட்டியின் குளிர் நீங்காதது. நம்மைப்போல் வெந்நிலத்தில் வாழ்பவர்களுக்கு இது எளிதில் விளங்காது. குளிர்நீர் மனித உடலை என்ன செய்கிறது என்பதைக் கானடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 'ஒன்று, பத்து, ஒன்று' என்னும் கணக்கில் அவர் அதனை உலகுக்கு எடுத்துரைத்தார். குளிர்நீரில் விழுந்தவனுக்கு முதல் 1 நிமிடம் மூச்சு அடங்காமல் இரைக்கும். அதனை அடக்கிக்கொள்வதே அந்நிமிடத்தின் வேலை. அடுத்த 10 நிமிடம் வரை கைகால்கள் சொற்கேட்கும். பின்னர் விரல்கள் மரத்துப்போகும். ஏறக்குறைய 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். கணக்கு அவ்வளவே. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதைக் கரையில் இருக்கும்பொழுதே பழகியிருக்க வேண்டும். நீரில் விழுந்தபின் பழகுவதற்கு நேரமில்லை.

இனி அன்பரின் மூன்றாவது நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நல்லெண்ணம் இருந்தால் போதாதா?

ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவே எல்லையாகக் கிடப்பது டிமிஸ்காமிங் என்னும் நீண்ட ஏரி. 1978-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், ஒன்டாரியோவைச் சேர்ந்த ஒரு சிறுவர் பள்ளியின் மாணவர் 27 பேரும் பெரியவர் 4 பேரும் நான்கு பெரிய கனோக்களில் ஏறி, வடக்கே ஜேம்ஸ் விரிகுடாவை நோக்கிப் புறப்பட்டார்கள். கடினமான பிரயாணம் சிறுவரை ஆண்மையுள்ளவராக்கும், துன்பம் ஒழுக்கத்தை உருவாக்கும் என்பது அப்பள்ளியின் கொள்கை. அழைத்துச் சென்றவர்கள் கொடியவர்களல்லர். அம்மாணவருக்காகத் தங்கள் வாழ்நாளைச் செலவிடத் துணிந்தவர்கள். ஏரியில் காற்று எழுந்தது. ஓர் ஓடம் கவிழ்ந்தது. அதனை மீட்கும் முயற்சியிடையே வேறு இரண்டும் கவிழ்ந்தன. மிதவைச் சட்டை அணிந்திருந்தும், அக்குளிர்நீர் 12 சிறுவரையும் ஒரு பெரியவரையும் கொண்டுபோயிற்று.

பின்னர் நடந்த விசாரணையில் எவர்மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. ஆனால் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுள்ள சிறுவருக்கு அப்பிரயாணம் அளவுக்கு மிஞ்சிய, பயனற்ற சோதனை என்று விசாரணை கூறிற்று. சட்டம் அவ்வளவில் நின்றது. அறநெறி அவ்வளவில் நிற்குமா? அப்பெரியவர்களின் உள்ளத்தில் அன்பு இருந்தது, துணிவு இருந்தது, தன்னலம் இல்லை. நல்லெண்ணம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது முழுவதும் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய ஓடம் கவிழ்ந்தால் அக்குளிரில் எத்தனை நிமிடம் உண்டு, அந்நிமிடங்களில் யார் எதைச் செய்வது என்ற பயிற்சி போதிய அளவில் இல்லை. அன்பு தன்னிடம் இல்லாத அறிவைக் கொடுக்க முடியாது. அதைவிடக் கொடுமை யாதெனில், தன்னிடம் அறிவு இல்லை என்பதையே பல சமயங்களில் அன்பு மறைத்துவிடுகிறது. 'நான் இவர்களுக்கு நன்மையையே நாடுகிறேன்' என்று மனப்பூர்வமாக எண்ணுகிறவனுக்கு, 'நான் இவர்களுக்குத் தீங்காக முடியக்கூடும்' என்ற நினைவு எழுவது அரிது. ஆகவே நல்லெண்ணமுள்ளவனுக்கே பிறர் கண் ஒன்று தேவைப்படுகிறது.

இரண்டாவது நியாயத்துக்கு வருவோம். மூன்று கோடைகளாக விபத்தில்லை என்கிறார் அன்பர்.

வில்லியம் கிளிபோர்டு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1877-ஆம் ஆண்டில் நம்பிக்கையின் அறநெறியைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளியின் கதையைக் கற்பித்துக் கூறுகிறார். கப்பல் பழையது, பழுது பார்க்கவேண்டுமோ என்ற ஐயம் முதலாளிக்கு உண்டு. ஆனால் இத்தனை பிரயாணம் பத்திரமாகப் போய்வந்த கப்பல் இம்முறையும் போய்வரும் என்று தன் மனத்தைத் தானே தேற்றிக்கொள்கிறான். நாளடைவில் உண்மையாகவே அப்படி நம்பிவிடுகிறான். குடியேறச் செல்லும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டு, நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை உண்மையானதுதான். எனினும் அப்படி நம்ப அவனுக்கு உரிமையில்லை, ஆதலால் அவன் குற்றவாளியே என்கிறார் கிளிபோர்டு. அதன்பின் அவர் ஒருபடி மேலே செல்கிறார். அக்கப்பல் மூழ்காமல் கரைசேர்ந்திருந்தால் குற்றம் குறைந்திருக்குமா? அணுவளவும் குறையாது, வெளிப்படாமல் இருந்திருக்கும், அவ்வளவே என்பது அவர் முடிவு.

இது கடுமையான முடிவு என்று தோன்றலாம். ஆனால் மறுக்க வழி காணோம். விபத்து நேராத மூன்று கோடைகள் இரண்டு காரணங்களால் அமைந்திருக்கலாம். இளைஞன் காற்றையும் நீரையும் அறிந்து நடந்திருக்கலாம். அல்லது அம்மூன்று கோடைகளிலும் காற்று அவனுக்கு இரங்கியிருக்கலாம். எது என்று அவனுக்கே தெரியாது. ஏனெனில் அதிர்ஷ்டமும் திறமையும் கரைக்குத் திரும்பும்பொழுது ஒரே முகத்தோடு திரும்புகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, துன்பம் நேராத இடத்தில் துன்பத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பதுதான். ஆசிரியப் பயிற்சி வகுப்பில் ஓடத்தை வேண்டுமென்றே கவிழ்ப்பது இதற்காகவே. கவிழ்ந்த ஓடத்தை மீட்போடத்துக்குக் குறுக்காகக் கொணர்ந்து, தலைகீழாக அதன் விளிம்புகளின்மேல் இழுத்து, நீரை வடித்து, நிமிர்த்தி நீரிலிறக்கி, விழுந்தவர்கள் ஏறும்வரை இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும். பார்க்க எளிதாயிருக்கும். அலையடிக்கும்பொழுது, ஒரு சிறுவன் அழுதுகொண்டிருக்கும்பொழுது, மற்ற ஓடங்கள் காற்றில் விலகிப்போய்க்கொண்டிருக்கும்பொழுது அது எளிதன்று. செய்து பார்த்தவனுக்கே தன் அளவு தெரியும்.

எஞ்சியிருப்பது முதலாவது நியாயம். தொழில் அறிந்தவன் கற்பிக்கக்கூடாதா?

இதற்கு விடைகூற இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுவோம். அது ஏரியில் நிகழ்ந்ததன்று, கடலில். ஓடமும் கனோ அன்று, மேல்மூடியுள்ள கயாக். எனினும் ஆசிரியத் தகுதி என்னும் பிரச்சினையை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 1993-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் தென்கரையிலுள்ள லைம் விரிகுடாவில் மாணவர் எண்மர், தங்கள் ஆசிரியர் ஒருவரோடும் பயிற்சியாளர் இருவரோடும் கயாக் ஓடங்களில் சென்றனர். காற்று அவர்களைக் கடலுக்குள் கொண்டுபோயிற்று. மாணவர் நால்வர் மாண்டனர். அப்பயிற்சியாளர் இருவரும் பத்திரம் இல்லாதவர்களல்லர். பத்திரம் இருந்தது. ஆனால் அது துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டதற்கான முதற்படிப் பத்திரம். பிறரைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் தகுதிக்கான பத்திரமன்று. கற்றவனுக்குரிய சான்றைக் கற்பிப்பவனுக்குரிய சான்றாகக் கொண்டதே பிழை. 1994-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அப்பயிற்சி நிலையத்தை நடத்திய கம்பெனியையும் அதன் நிர்வாகியையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. நிர்வாகி சிறை சென்றார். 1995-ஆம் ஆண்டில், சிறுவருக்கு இத்தகைய பயிற்சி அளிக்கும் நிலையங்கள் அனுமதி பெறவேண்டும் என்று பார்லிமெண்டு சட்டமியற்றியது.

கற்றலும் கற்பித்தலும் வெவ்வேறு திறமைகள் என்பதை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். பவணந்தியார் தம் நன்னூலில் நல்லாசிரியனுக்கு இலக்கணம் கூறியதோடு நில்லாமல், ஆசிரியனாகத் தகாதவனுக்கும் இலக்கணம் கூறினார். அத்தகாதவனுக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று பருத்தி அடைத்த குடுக்கை. வாய் குறுகிய குடுக்கையில் பஞ்சைத் திணிப்பதும் கடினம். திணித்ததை வெளியே எடுப்பதும் கடினம். உள்ளே பஞ்சு இல்லாமலில்லை. நிறைய இருக்கிறது. எடுத்துக் கொடுக்க வழிதான் இல்லை. தேர்ந்த ஓடக்காரர் பலர் இக்குடுக்கையைப் போன்றவர்களே. ஜே வீச்சு எப்படிச் செய்வது என்று கேட்டால், "இதோ பார், இப்படி" என்று செய்துகாட்டுவார்கள். கேட்டவன் பார்ப்பான், அவனுக்கு ஒன்றும் விளங்காது. மணிக்கட்டு எப்பொழுது திரும்புகிறது, மேல்கையின் கட்டைவிரல் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். பலகாலப் பழக்கத்தால் அவர்கள் கைக்கே தெரியும், வாய்க்குத் தெரியாது.

அன்பரின் கடிதத்தில் அவரே அறியாமல் எழுதிய ஒரு செய்தி இருக்கிறது. பரீட்சையில், ஓடத்தைத் திருப்பத் தெரியாமல் தடுமாறிய பத்து வயதுச் சிறுமிக்கு உதவுமாறு அவர் மகனிடம் சொன்னார்களாம். அவன் உடனே அச்சிறுமியின் கையிலிருந்த துடுப்பை வாங்கி, இரண்டே வீச்சில் ஓடத்தைத் திருப்பிக் கொடுத்தானாம். "இவ்வளவு விரைவாக உதவியவனையா தகுதியற்றவன் என்பது?" என்று கேட்கிறார் தந்தையார். நமக்கோ, அவ்விடத்தில்தான் பரீட்சகரின் எழுதுகோல் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஓடம் திரும்பிற்று, உண்மை. சிறுமி என்ன கற்றாள்? தன்னால் ஆகாது என்பதைக் கற்றாள். நாளை அவள் தனியே இருக்கும்பொழுது, காற்று எதிரே அடிக்கும்பொழுது, அவளுக்கு நினைவுக்கு வருவது அதுவாகவே இருக்கும். துடுப்பை அவள் கையிலேயே விட்டுவிட்டு, தன் கை துடிக்கத் துடிக்கப் பொறுத்திருந்து, ஒரு சொல்லால் அவளைத் திருப்பச் செய்வதே கற்பித்தல். திறமை மிக்கவனுக்கு அப்பொறுமை மிகவும் கடினம். அது பயிற்சியால் வரவேண்டியதேயன்றித் தானாக வருவதில்லை.

ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் பழக்கப்படுவதும் பெரும்பாலும் இத்தகையவையே. பயிலுபவர் ஒருவருக்கொருவர் மாணவராக அமர்ந்து பாடம் நடத்தவேண்டும். நீரில் இறங்குமுன் எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று வரையறுத்துக்கொள்ளவேண்டும். மாணவரை நிறுத்திப் பேசும்பொழுது சூரியன் ஆசிரியன் முகத்தில் விழலாம். மாணவர் கண்ணில் விழலாகாது. காற்று குழுவை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து நிற்கவேண்டும். எல்லோரையும் ஒருசேரக் காணமுடியாத இடத்தில் ஓர் ஆசிரியன் ஒருபொழுதும் இருக்கலாகாது. இவை சிறு விஷயங்கள் என்று நகைப்பவர் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஆசிரியன் தன் வசதியைப் பின்னும், கற்பவன் நலத்தை முன்னும் வைக்கப் பழகுகிறான்.

இனி, பத்திரத்தின்மேல் கூறப்படும் குறைகளையும் மறையாமல் பேசுவோம். பூர்வீகக் குடிகளின் தந்தையர் எந்தச் சங்கத்தில் பத்திரம் பெற்றுத் தம் மக்களுக்கு ஓடம் விடக் கற்பித்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்குப் பத்திரம் தேவைப்படவில்லை. ஏனெனில் கற்பித்தவன் கற்றவனின் தந்தை, அல்லது தாய்மாமன், அல்லது ஊரார் அனைவரும் குழந்தைப் பருவத்திலிருந்து அறிந்த முதியவன். அவன் எந்தக் காற்றில் புறப்பட்டான், எந்தக் காற்றில் திரும்பினான் என்பது எல்லோருக்கும் தெரியும். பாடமும் ஒரு வாரத்தில் முடிவதன்று. பல கோடைகள் நீடித்தது. இன்றைய முகாமில் முன்பின் அறியாத ஓர் இளைஞன், முன்பின் அறியாத பன்னிரண்டு சிறுவரை, ஒரு காலைப்பொழுதில் நீருக்கு அழைத்துச் செல்கிறான். அவர்களின் பெற்றோர் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று அவர்கள் யாரைக் கேட்பார்கள்? ஊரார் அறிந்திருந்த அந்த அறிவுக்கு ஈடாக வைக்கப்பட்ட ஒரு சிறு பிணையே பத்திரம். அசலுக்கு அது சமமன்று. ஆனால் அசல் இல்லாத இடத்தில் அதுவும் இல்லையானால் வெறும் நம்பிக்கையே மிஞ்சும்.

பணம் கட்டினால் பத்திரம் கிடைக்கும் நிலை வந்துவிடாதா, ஏழைப் பிள்ளை திறமையிருந்தும் பின்தங்கமாட்டானா, பத்திரம் பெற்றவன் கற்றது போதும் என்று இறுமாந்துவிடமாட்டானா என்றும் கேட்கலாம். இவை உண்மையான அபாயங்கள். 1880-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஏரிக்கரையில் தோன்றிய அமெரிக்க கனோ சங்கம், ஆசிரியத் தகுதியை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்று வைத்திருப்பது, மூன்றாவது அபாயத்தை உணர்ந்ததனாலேயே. முதலிரண்டுக்கும் விதிகளால் மட்டும் விடைகாண இயலாது. ஏழைப் பிள்ளையின் கட்டணத்தை முகாமோ சங்கமோ ஏற்றுக்கொள்ளவேண்டும், பரீட்சையைக் குறைக்கலாகாது. ஏழைக்கு இரங்கிப் பரீட்சையைத் தளர்த்தினால், அதனால் நீரில் விழப்போகும் சிறுவனும் ஓர் ஏழையின் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.

பத்திரம் கொடுப்பவர்களின் நிலையையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வகுப்பு நாள்களில் பரீட்சகரும் பயிலுபவரும் ஒன்றாக உண்டு, ஒன்றாக நனைந்து, நண்பர்களாகிவிடுகிறார்கள். முடிவில் எதிரே நிற்பவன் ஆவலோடு முகம் பார்க்கும் இளைஞன். அவன் மகிழ்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. அவனிடம் வருங்காலத்தில் கற்கப்போகும் சிறுவரோ கண்ணுக்குத் தெரிவதில்லை; அவர்களுக்குப் பெயரில்லை, முகமில்லை, பரிந்து பேசத் தந்தையில்லை. தெரிகின்ற ஒருவனின் மனம் நோகாதிருக்கத் தெரியாத பலரை விற்றுவிடுவது எவ்வளவு எளிது! உலகில் பெரும்பாலான பொய்க் கையெழுத்துகள் கைக்கூலியினால் இடப்படுவதில்லை, தாட்சணியத்தினால் இடப்படுகின்றன. 'இன்னும் இல்லை' என்று சொன்ன அவ்வம்மையார் அந்தத் தாட்சணியத்தை வென்றவர். அவர் அவனைத் தள்ளிவிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். குறையை மறைக்காமல் சொன்னார், காலத்தையும் குறித்தார், மீண்டும் வருக என்றார்.

எல்லாம் சொன்னபின்னும் எந்தப் பத்திரத்தாலும் அளக்கமுடியாத ஒன்று எஞ்சி நிற்கிறது. ஒரு நாள் காலை, பல நாளாகக் காத்திருந்த சிறுவர் மிதவைச் சட்டையணிந்து வரிசையாக நிற்பார்கள். எதிர்க்கரைக்குச் சென்று சோறுண்பதாகத் திட்டம். தொலைவில் நீரின் நிறம் சிறிது கறுத்து, அலைமுகட்டில் வெண்மை தோன்றும். அப்பொழுது ஆசிரியன், "இன்று கடக்கவேண்டாம், கரையோரமாகவே பழகுவோம்" என்று சொல்லவேண்டும். சிறுவர் முணுமுணுப்பார்கள். உடனிருப்போர் கோழை என்று எண்ணுவர். அவன் செய்தது சரி என்பதற்கு ஒருநாளும் சான்று கிடைக்காது. போகாத பிரயாணத்தில் நேராத விபத்தை யார் கண்டார்? பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரட்டீஸ் ஒரு மாலுமியைப் புகழ்கிறார். எகிப்திலிருந்து ஒருவனையும் அவன் மனைவி மக்களையும் பொருளையும் பத்திரமாகக் கொணர்ந்து சேர்த்தபின், அம்மாலுமி இரண்டு திராக்மா கூலி வாங்கிக்கொண்டு, பெருமை பேசாமல் கரையில் உலாவுகிறானாம். ஆசிரியனுக்கு வேண்டிய அடக்கம் அதுவே. பத்திரம் அதனைக் கொடுக்காது. ஆனால் தகுதியில்லை என்ற சொல்லை ஒருமுறை பொறுமையோடு கேட்டு, அடுத்த கோடையில் திரும்பி வருகிறவனிடம் அது வேர்கொள்ளத் தொடங்கும்.

இது கானடாவுக்கு மட்டும் உரிய பேச்சன்று. நம் சிங்கப்பூரில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்திலும் இளைஞர் துடுப்புப் பிடிக்கின்றனர். நம் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். குளிர் இங்கே இல்லை. காற்றும் இடியும் இருக்கின்றன. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், கற்பிப்பவர் யாரிடம் தேர்ந்தவர், எதற்குத் தேர்ந்தவர், எப்பொழுது தேர்ந்தவர் என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்பது அவமதிப்பாகாது. நல்லாசிரியன் அக்கேள்வியை விரும்புவான்.

இனி அன்பருக்கு ஒரு சொல். ஐயா, தங்கள் மகனுக்கு நேர்ந்தது அநீதியன்று என்றே நாம் கருதுகிறோம். அவன் திறமையை அவ்வம்மையார் குறைத்துப் பேசவில்லை; அத்திறமையைப் பிறர் பிள்ளைகளின் கையில் சேர்ப்பிக்கும் வழியை அவன் இன்னும் கற்கவேண்டும் என்றுதான் சொன்னார். அவன் மனம் நொந்திருப்பான். தாங்கள் அவனுக்காக அங்கே போய் வாதாடவேண்டாம். அடுத்த கோடை வரும்வரை, அவனுடைய சிற்றப்பன் பிள்ளைகளில் ஒருவனைக் கரையில் உட்காரவைத்து, துடுப்பை அவன் கையிலேயே விட்டுவிட்டு, வெறும் சொல்லால் ஜே வீச்சைக் கற்பித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட அன்று நமக்கு மீண்டும் எழுதுங்கள். அக்கடிதத்தையும் இப்பத்திரிகையில் மகிழ்வோடு வெளியிடுவோம்.